நான் ஏற்றி வாசித்த சுரம்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கடிதம் என்பது கிராணி வீட்டுக்கு வந்து படிக்கப்பட வேண்டிய ஒன்றாக இருந்தது. கடல் தாண்டிய சொந்த ஊரிலிருந்து வந்த மெல்லிய தாளை மடியில் செருகிக்கொண்டு, பால் மரக் காட்டிலிருந்து திரும்பிக் குளித்து முடித்தவர்கள், மாலை நேரத்தில் எங்கள் வீட்டுப் படியருகே வந்து நிற்பார்கள். அப்பா தோட்ட அலுவலகத்தில் கிராணி, எழுத்தர் வேலை. அவருக்குக் கணக்குப் புத்தகங்களே போதுமான வேலையாக இருந்ததால், பத்து வயதிலிருந்தே படித்துக் காட்டுவதும் பதில் எழுதுவதும் என் பொறுப்பாயின. அதற்கு ஒரு முறை உண்டு. எழுதியிருப்பதை எழுதியிருப்பது போலவே படிக்க வேண்டும். சாவுச் செய்தி என்றால் முதலில் கண்ணை ஓட்டிவிட்டு, வந்தவரை உட்காரச் சொல்லி, ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் படிக்கலாம். ஆனால் ஒரு வரியையும் விடக் கூடாது. யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. கேட்டுக்கொண்டு நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தால் தானாகவே விளங்கிவிடும்.

அந்த முறையை என் வாழ்நாளில் இரண்டு தடவை மீறியிருக்கிறேன். இரண்டு தடவையும் ஒரே ஆளிடம்.

அவரைத் தோட்டத்தில் எல்லாரும் ஆயாம்மா என்றே அழைத்தார்கள். தாய்மார்கள் விடியற்காலையில் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கொட்டகையில் அவர்தான் பொறுப்பு. வரிசையாகத் தொங்கும் துணி ஏணைகளை ஒரு கையால் ஆட்டிக்கொண்டு, மறு கையால் பால் புட்டியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் ஒரு மெட்டை முனகிக்கொண்டிருப்பார். சொற்கள் கிடையாது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் பெரும்பாலும் அந்த மெட்டில்தான் தூங்கிப் போயின. அது எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்டதில்லை. கொட்டகையின் தகரக் கூரை போல, அதுவும் அங்கே இருந்தது.

எனக்குப் பத்தொன்பது வயது நடந்துகொண்டிருந்தபோது, அலுவலகத்துக்கு ஸ்காட்லாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய துரையின் மகள் எழுதியிருந்தாள். அவளை எனக்கு நினைவில்லை. அவளுடைய தாய், துரைசாணி, எங்கள் தோட்டத்திலேயே காய்ச்சலில் இறந்து போனதும், அப்போது பங்களாவில் வேலை பார்த்த ஆயாம்மாதான் இரண்டு ஆண்டுகள் அந்தப் பிள்ளையை வளர்த்ததும், ஆறு வயதில் அது அத்தை வீட்டுக்குக் கப்பலேற்றப்பட்டதும் எல்லாரும் அறிந்த கதை. பிறகு துரையும் ஓய்வு பெற்றுப் போய், அங்கேயே இறந்துவிட்டார். புதிய மேனேஜர் கடிதத்தை அப்பாவிடம் கொடுக்க, அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். "ஆயாம்மாவுக்காம். கூப்பிட்டுப் படிச்சுக் காட்டு."

ஆயாம்மா அன்று மாலையே வந்தார். முகம் கழுவி, திருநீறு பூசி, சேலை மாற்றியிருந்தார். கூடத்தில் மூன்று பிரம்பு நாற்காலிகள் இருந்தன. அவர் கதவோரம் தரையில் உட்கார்ந்தார். நாற்காலியில் உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்போது அது எனக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை என்பதை இப்போது எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது.

கடிதம் எளிய ஆங்கிலத்தில் இருந்தது. தன் தாய் தனக்காக ஒரு பழைய மெட்டை முனகுவாள் என்றும், அது தாயின் பாட்டன் ஊரான வடக்கு மலைப்பகுதியில் வழங்கியது என்றும், தாய் போன பிறகு ஆயா அதையே முனகித் தன்னைத் தூங்க வைத்தது நினைவிருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். அத்தைக்கு அது தெரியாது. கேட்டுப் பார்த்த பாட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு மெட்டை வாசித்துக் காட்டினார்கள். துண்டு துண்டாகத்தான் தன்னிடம் இருக்கிறது, முழுதாக இல்லை. தாயின் குரலைப் பற்றித் தனக்கு மிஞ்சியிருப்பது அவ்வளவுதான். அதன் பிறகு இந்த வரி இருந்தது: ஆயா ஒரு பதிவுக் கருவியின் முன் உட்கார்ந்து அதை முனகினால் போதும், அது முடியாவிட்டால் மட்டும் யாராவது சுரங்களை எழுதி அனுப்புங்கள்.

அந்த வரியை நான் ஆயாம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. "யாராச்சும் வாசிச்சு, பதிஞ்சு அனுப்பச் சொல்லியிருக்கா, ஆயாம்மா," என்றேன்.

காரணங்களை மறைத்துப் பயனில்லை. சுங்கைப் பட்டாணி கான்வென்டில் நான் பாடற்குழுவில் இருந்தேன். மேலைச் சுரக் குறிப்புகளைப் படிக்கத் தெரியும். தேவாலயப் பாடல்களுக்குக் கித்தார் வாசிக்கவும் கற்றிருந்தேன். பள்ளி முடிந்து தோட்டத்துக்குத் திரும்பி, ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த அந்த ஆண்டில், எனக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்க அங்கே யாரும் இல்லை. கடல் கடந்த ஊரில், வெள்ளைக்காரி ஒருத்தி, எங்கள் தோட்டத்திலும் இப்படி வாசிக்கத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்று அறிய வேண்டும் என ஆசைப்பட்டேன். அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. வெற்றிலைக் காவி ஏறிய பற்களுக்குப் பின்னாலிருந்து வரும் அந்தக் கரகரத்த முனகல் எங்கள் பெயரில் அங்கே போய்ச் சேருவது எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆயாம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "புள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சாமா?"

"அதப் பத்தி எழுதல."

"உடம்பு எப்படி? மாருல சளி கட்டும் அதுக்கு. குளிர் ஊராச்சே."

"நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கா."

"சீக்கிரம் அனுப்பிரு, பாப்பா. நான் போறதுக்குள்ள பதில் வந்துருமா?"

அவர் போக வேண்டியிருந்தது. அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலைக்குப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் வந்து, பெர்மிட் கிடைக்காதவர்கள் ஒவ்வொருவராகப் பினாங்கிலிருந்து கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. கணவரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. நான்கு வயதில் விட்டு வந்த ஊரில், பார்த்தேயிராத தம்பி மகன் வீட்டுக்குப் போகப் போகிறார். இன்னும் இரண்டு மாதம் இருந்தது. "இந்த ஒண்ணு முடிஞ்சா எனக்குப் போதும்," என்றார். "அவங்க அம்மா எங்கிட்ட விட்டுட்டுப் போனது புள்ளையும் இந்தப் பாட்டும்தான். புள்ளைய அனுப்பிட்டேன். பாட்டு எங்கிட்டயே தங்கிப் போச்சு."

கித்தாருக்கு நான் பக்கத்துச் சிறுநகரான செமிலிங்குக்குப் போனேன். கடைத்தெருவில் வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடை ஒன்று இருந்தது. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கடையை நடத்தியவரை, அண்ணன் என்ற பொருளில், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். வாரக் கடைசியில் கல்யாண வீடுகளில் வாசிக்கும் குழு ஒன்றில் அவர் இருந்தார். அவருடைய பழைய மரக் கித்தார் பழுதான வானொலிகளுக்கு மேலே சுவரில் தொங்கும். புதிதாக வந்திருந்த கேசட் பதிவுக் கருவி ஒன்றும் கடையில் இருந்தது.

"கித்தாரும் வேணும், மிஷினும் வேணும்," என்று நான் கேட்டதைத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். "கடைச் சாவியும் வேணுமா, தங்கச்சி? நான் வேணா வீட்டுக்குப் போயிடுறேன் லா."

"ரெண்டு நாள்தான், நானா."

"கிராணியார் மக கித்தாரத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல போனா, நாளைக்கு உங்கப்பா என்னைத்தான் தேடி வருவார். என்னா பாட்டு? இந்திப் பாட்டா?"

நான் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கித்தாரை இறக்கித் துடைத்துத் தந்தார். "மூணாவது கம்பி நிக்காது. முறுக்காணி தேஞ்சு போச்சு. நீ ஏத்தி வைப்பே, அது பாட்டுக்கு எறங்கும். பாத்துக்க." புதிய கேசட் ஒன்றை உறை பிரித்துக் கையில் வைத்தார். "பாட்டு முடிஞ்சதும் எனக்கும் ஒரு தடவ போட்டுக் காட்டணும். அதுதான் வாடகை."

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அப்பா கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். ரப்பர் பதனிடும் ஸ்டோரின் எந்திரங்கள் ஓடாத ஒரே நாள் என்பதால் பதிவுக்கு அதைத் தேர்ந்தெடுத்தேன். சன்னல்களைச் சாத்தினேன். கோழிகளைப் பின்பக்கம் விரட்டினேன். பதிவுக் கருவியை ஒரு நாற்காலியில் வைத்து, இன்னொரு நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். மூன்றாவது நாற்காலி காலியாக இருந்தது. ஆயாம்மா கதவோரத் தரையில் இருந்தார்.

முதலில் அவர் முனகுவார், நான் கம்பிகளில் தேடுவேன். மெட்டு கடினமானதல்ல. நான்கு அடிகள். ஒவ்வோர் அடியும் மெதுவாக மேலே ஏறி, உச்சியில் சற்று நின்று, திரும்பி இறங்கும். நான் நினைத்ததைவிட விரைவாகவே கைக்கு வந்துவிட்டது, ஓர் இடத்தைத் தவிர. ஒவ்வோர் அடியின் கடைசியிலும், வீடு போன்ற ஆதார சுரத்துக்குத் திரும்புவதற்கு முந்தைய சுரத்தை அவர் எனக்குப் பழகிய இடத்தில் வைக்கவில்லை. அரைப் படி கீழே வைத்தார். நான் கற்ற பாடல்களில் அந்த ஏழாவது சுரம் எப்போதும் மேலே, ஆதார சுரத்தை ஒட்டி நிற்கும். அங்கிருந்து ஒரு சின்ன அடி எடுத்து வைத்தால் வீடு. ஆயாம்மாவோ ஒரு பெரிய இடைவெளியை விட்டுவிட்டு, அதைத் தாண்டி வந்தார். எனக்கு அது சுருதி விலகலாகக் கேட்டது. தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டுப் பழகிய தொண்டை, அந்நிய மெட்டைத் தன் பக்கம் வளைத்துக்கொண்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். அதை நிமிர்த்தி வாசித்தேன்.

"அந்த எடம் அப்படி இல்ல, பாப்பா," என்றார். "அங்க கொஞ்சம் எறங்கும்."

"இறங்காது, ஆயாம்மா. அப்படி இறங்கினா சுருதி சேராது."

"தொரைசாணி எறக்குவாங்க."

"அவங்க அப்ப காய்ச்சலா இருந்தாங்கல்ல. தொண்டை எட்டியிருக்காது."

இதைச் சொன்னபோது என் குரலில் கடுமை இருக்கவில்லை. கனிவாகத்தான் சொன்னேன், வகுப்பில் பின்வரிசைப் பிள்ளைக்கு விளக்குவது போல. அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்துக்கொண்டார். "காய்ச்சலுக்கு முன்னாடியும் பாடுவாங்க," என்று மெல்லச் சொன்னார். நான் கம்பியைத் திருகிக்கொண்டிருந்ததால், "படிச்ச புள்ள. ஒனக்குத் தெரியும்," என்று முடித்துக்கொண்டார்.

பதிவுக் கருவியின் பொத்தானை அழுத்தினேன். முதல் அடி சரியாகப் போயிற்று. இரண்டாவது அடியில் நானா சொன்னது போலவே மூன்றாவது கம்பி தளர்ந்தது. எந்தச் சுரத்தை நான் மேலே ஏற்றி வைத்திருந்தேனோ, அதே சுரம் என் விரலுக்கடியில் அரைப் படி இறங்கி ஒலித்தது.

ஆயாம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் முழுவதும் விரிந்தது. "இப்ப வந்துருச்சு பாரு," என்றார். சொன்ன கையோடு கித்தாருடன் சேர்ந்து முனகவும் தொடங்கினார். கண்கள் மூடியிருந்தன. வலது கை, இல்லாத ஏணை ஒன்றை ஆட்டிக்கொண்டிருந்தது.

நான் வாசிப்பதை நிறுத்தினேன். கருவியை நிறுத்தினேன்.

"கம்பி தளர்ந்து போச்சு, ஆயாம்மா. அதான் அப்படிக் கேட்டுச்சு. உங்க சத்தமும் விழுந்துருச்சு."

"ஆங்," என்றார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார், சின்னப் பிள்ளை போல.

"நீங்க கொஞ்சம் அடுக்களைப் பக்கம் இருங்க. முடிஞ்சதும் கூப்பிடுறேன்."

அவர் எழுந்து போனார். நான் நாடாவைப் பின்னோக்கி ஓட்டி, கம்பியை முறுக்கி ஏற்றி, அவர் குரல் விழுந்திருந்த இடத்தின் மேலேயே மறுபடி பதிந்தேன். கம்பி ஒவ்வோர் அடிக்கும் இறங்கப் பார்த்தது. நான் ஒவ்வொரு முறையும் நிறுத்தி ஏற்றினேன். ஐந்தாவது முயற்சியில் ஒரு பிசிறும் இல்லாமல் வந்தது. அதைப் போட்டுக் கேட்டபோது நான் மகிழ்ச்சியாக இருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்த நினைவு முழுமையாகாது.

ஆயாம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். இறுதிவரை கேட்டார். "அழகா இருக்கு, பாப்பா," என்றார். "கோயில்ல வாசிக்கிற மாதிரி இருக்கு." எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பினார். "அனுப்பிருவே இல்ல?"

மறுநாள் கித்தாரையும் கருவியையும் திருப்பிக் கொடுக்கப் போனபோது, நானா தன் வாடகையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு முறை கேட்டார். நல்ல விரல் என்றார். பிறகு நாடாவின் தொடக்கத்தில், நான் சரியாக அழிக்காமல் விட்டிருந்த துண்டைக் கண்டுபிடித்தார். ஆயாம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது கருவி தவறுதலாக ஓடிய சில நொடிகள். அவர் குரலில் ஓரடி.

"இது யாரு?"

"ஆயாம்மா. அழிச்சிடுங்க, நானா. தெரியாம விழுந்தது."

"இரு லா." மீண்டும் ஓட்டினார். "இவங்க எறங்குறாங்க. நீ ஏறுறே. எது சரி?"

"நான் வாசிச்சதுதான் சரி. அவங்களுக்குச் சுருதி தெரியாது."

"ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துல தப்பு பண்ணுவாங்களா, தங்கச்சி?" என்று கேட்டார். ஓரடிதான் நாடாவில் இருந்தது. மற்ற அடிகளில் எப்படி என்று அவருக்குத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். ஆயாம்மா அன்று பிற்பகல் பத்துத் தடவைக்குமேல் முனகினார். அத்தனை தடவையும் அந்தச் சுரம் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில்தான் விழுந்தது. தொண்டை எட்டாதவர்கள் அப்படிப் பாட மாட்டார்கள். அந்தக் கேள்வி காதில் விழாதது போல் இருந்துவிட்டேன். அந்தத் துண்டை அழித்துக் கொடுக்கும்படி திரும்பவும் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அழித்துக் கொடுத்தார். அங்கிருந்து நேராக அஞ்சலகம் போனேன்.

பதில் ஆறு வாரத்தில் வந்தது. ஆயாம்மா கப்பலேறப் பன்னிரண்டு நாள் இருந்தது. இந்த முறை கடிதம் என் பெயருக்கே வந்திருந்தது. நான்தான் என் பெயரை உறையின் பின்னால் தெளிவாக எழுதியிருந்தேனே. அவருக்கு ஆளனுப்புவதற்கு முன் நான் தனியாகப் படித்தேன்.

வாசிப்பு மிக அழகாக இருந்தது, இவ்வளவு சிரமம் எடுத்துக்கொண்டதற்கு நன்றி என்று தொடங்கியிருந்தாள். பிறகு, இதைச் சொல்லத் தயங்குகிறேன் என்று எழுதியிருந்தாள். மெட்டு கிட்டத்தட்ட அதுதான். ஆனாலும் அது இல்லை. ஒவ்வோர் அடியின் கடைசியிலும் ஓரிடத்தில் அம்மாவின் குரல், இருட்டில் ஒரு படியைத் தவறவிட்டது போலச் சட்டென்று கீழே போகும். அந்த இடம் வரும்போது அம்மாவின் மார்பில் சாய்ந்திருந்த என் காதில் ஓர் அதிர்வு தெரியும். ஆயா முனகும்போதும் அது அப்படியே இருந்தது. இந்தப் பதிவில் அந்த இடம் மேலே போகிறது. வழிபாட்டுப் பாட்டு ஆகிவிடுகிறது. ஒருவேளை ஆயா மறந்துவிட்டாரோ? அவருக்கு வயதாகியிருக்கும், அதில் தவறில்லை. இல்லை, நான்தான் தவறாக நினைவு வைத்திருக்கிறேனோ என்னவோ. ஆயாவால் முனக முடியாத அளவுக்கு உடல்நலம் இல்லையா? அவரை நான் நினைக்கிறேன் என்று சொல்லுங்கள்.

படித்துவிட்டு அந்தத் தாளை மடித்து வைத்தேன். திரும்பவும் எடுத்துப் படித்தேன். செய்ய வேண்டியது கடினமானதாகவே இல்லை. ஆயாம்மாவிடம் உண்மையைச் சொல்லி, செமிலிங்குக்கு ஒரு பஸ் ஏறி, நானாவின் கடையில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஐந்து நிமிடம் முனகச் சொன்னால் எல்லாம் சரியாகியிருக்கும். பன்னிரண்டு நாள் இருந்தது. ஆனால் அதற்கு நான் அந்த விடுபட்ட வரியையும் சொல்லியாக வேண்டும். காய்ச்சல் என்று சொன்னது தவறு என்று சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் காதுக்கு முன்னால் என் படிப்பு தவறிவிட்டது என்று, கதவோரம் தரையில் உட்கார்ந்திருக்கும் அவரிடம், நான் நாற்காலியிலிருந்து சொல்ல வேண்டும். எனக்கு அது முடியும் என்று தோன்றவில்லை.

மாலையில் வந்தார். பயணத்துக்காகப் பாத்திரங்களை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு படித்தேன். "ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதியிருக்கா, ஆயாம்மா. எங்கம்மா பாடினது இதேதான்னு எழுதியிருக்கா. உங்கள நெனச்சுக்கிட்டே இருக்காளாம்."

அவர் தரையில் சற்று முன்னே நகர்ந்து வந்தார்.

"இதேதானாமா?"

"ஆமா."

"அந்த எடத்தப் பத்தி ஒண்ணும் எழுதலியா?"

"எந்த இடம்?"

"கடைசியில எறங்குமே."

"இல்ல, ஆயாம்மா. ஒண்ணும் எழுதல."

வெளியே தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி இன்னொருத்தியின் மாமியாரைப் போல நடித்துக்காட்டினாள். ஆயாம்மா அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"அப்ப புள்ள மறந்துருச்சு," என்றார்.

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்கு என்னா வயசு அப்ப. ஆறு. மறக்கத்தானே செய்யும்." என்னைத் தேற்றுவது போல அதைச் சொன்னார். பிறகு, "நீ வாசிச்சதே பெரிசு, பாப்பா. அதுக்குப் புடிச்சிருந்தா சரிதான்," என்று எழுந்தார். படியிறங்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டார். இதற்கு முன் அவர் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் சொல்ல நினைத்தேன். இரண்டு தடவை கொட்டகை வரை போனேன். முதல் தடவை அவர் புதிதாகப் பொறுப்பேற்கப் போகும் பெண்ணுக்கு எந்தக் குழந்தைக்கு எந்தப் புட்டி என்று காட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை தனியாகத்தான் இருந்தார், ஏணைகளை ஆட்டிக்கொண்டிருந்தார். மெட்டு கேட்கவில்லை. கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. "என்னா, பாப்பா?" என்றார். "சும்மா வந்தேன்," என்றேன். பினாங்கு போகும் லாரியில் அவரோடு ஏழு பேர் ஏறினார்கள். மாலை போட்டார்கள். எல்லாரும் அழுதார்கள் என்பதால் என் அழுகை தனியாகத் தெரியவில்லை. அந்த வசதியையும் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

கப்பல் போய் ஒரு மாதம் கழித்துத்தான் ஸ்காட்லாந்துக்கு உண்மையை எழுதினேன். எதையும் விடாமல் எழுதினேன்: விடுபட்ட வரி, மூன்றாவது கம்பி, அடுக்களை, இரண்டாவது பொய். அவள் பதில் நான்கே வரி. கோபம் இல்லை, அன்பும் இல்லை. ஆயா சரியாகத்தான் முனகினார் என்பதைத் தெரிந்துகொண்டதில் தனக்கு நிம்மதி என்றாள். தான் மறக்கவில்லை என்பதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றாள். அவருடைய விலாசம் என்ன என்று கேட்டிருந்தாள்.

விலாசம் என்னிடம் இல்லை. நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் அவர் கைநாட்டுப் போட்ட படிவம் ஒன்றில் தம்பி மகனின் பெயரும் ஊரும் இருப்பதை அப்பா தேடி எடுத்துத் தந்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து வந்த கடிதங்களைச் சில மாதம் அவரே படித்துக் காட்டினார்.

அந்த விலாசத்தை ஸ்காட்லாந்துக்கு அனுப்பினேன். அதே விலாசத்துக்கு நானும் தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். பிள்ளை மறக்கவில்லை, ஆயாம்மா. மறந்ததாகச் சொன்னது என் பொய். நீங்கள் இறக்கியதுதான் சரி. துரைசாணிக்குத் தொண்டை எட்டாமல் இல்லை. அந்த மலைப்பக்கத்துப் பழைய மெட்டுகளில் அந்தச் சுரம் அப்படித்தான் இறங்கியே நிற்குமாம், நான் புத்தகத்தில் தேடிப் படித்தேன். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிய பிறகு வெட்டிவிட்டேன். அவர் சொன்னதைப் புத்தகம் வந்து மெய்ப்பிக்க வேண்டும் என்று எழுத எனக்கு அதற்கு மேல் துணிவில்லை.

பயிற்சிக் கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முன் ஓர் அஞ்சலட்டை வந்தது. கையெழுத்து யாருடையதோ. தம்பி மகனுடையதா, பக்கத்து வீட்டாருடையதா, தெரியவில்லை. உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தை சுகமாக இருக்கிறார்கள். இங்கு இந்த ஆண்டு மழை பரவாயில்லை. அங்கு எல்லாரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். அவ்வளவுதான். மெட்டைப் பற்றியோ பிள்ளையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. என் கடிதத்தை அவருக்கு யார் படித்துக் காட்டினார்கள், எந்த வரிவரை படித்தார்கள் என்று திரும்ப எழுதிக் கேட்கலாம் என்று பேனாவை எடுத்தேன். அப்படிக் கேட்கும் உரிமை எல்லாரையும்விட எனக்குத்தான் இல்லை என்று பட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.